நான் நிற்காத ஐந்தாவது கல்

பாம்பு என்றால் எனக்கு உயிரே போய்விடும். நில அளவை வேலைக்கு வந்தவன் இப்படிச் சொல்லலாமா என்றால், சொல்லக் கூடாதுதான். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது. வெள்ளைக்கார அதிகாரிகள் கப்பலேற, அவர்கள் விட்டுப்போன வேலைகளுக்கு எங்களைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். ஒரு தப்பு செய்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

மலாக்கா ஊரின் காஜா பெராங்கில் சாலையை அகலப்படுத்த, ஒரு மலாக்காச் செட்டியின் நிலத்தை அளக்கச் சொன்னார்கள். எங்கள் கோட்டுக்கு வெளியே விழுவதெல்லாம் இடிபடும். ஐந்து மூலை, ஐந்து கல். நான்கில் கருவியை நிறுத்திக் கோணம் பார்த்தாயிற்று. ஐந்தாவது, மூங்கில் புதருக்குள் புற்றை ஒட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

“ஜாங்கான் பிகி சானா, தம்பி! அடா உலார்!”

அங்கே போகாதே, பாம்பு இருக்கிறது என்கிறார். மலாக்காச் செட்டிகள் தமிழ் வழி வந்தவர்கள்; ஆனால் பேச்சு மலாய். ‘தம்பி’ மட்டும் நம்முடையது. நான் கருவியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பள்ளிக்கூடக் கணக்கு கைகொடுத்தது. ஐந்து பக்க உருவத்தை மூன்று முக்கோணமாகப் பிரிக்கலாம். உள்கோணங்கள் மொத்தம் 540 பாகை. அளந்த நான்கும் சேர்ந்து 435. தெரியாததை x என்று வைத்தால், x + 435 = 540. x = 105. அளந்ததுபோலவே அளவைப் புத்தகத்தில் எழுதிவிட்டேன்.

மறுநாள் மேற்பார்வையாளர் புத்தகத்தை வெகுநேரம் பார்த்தார்.

“அஞ்சையும் கூட்டினா கரெக்டா ஐநூத்தி நாப்பது வருது.”

“ஆமாங்க சார்,” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“இருவது வருசமா அளக்குறேன், எனக்கு ஒரு நாளும் இப்படி வந்ததில்ல. கொஞ்சமாச்சும் கூடும், கொறையும். நீ எந்தக் கல்லுல நிக்கல?”

வேலை போயிற்று என்றே நினைத்தேன். பொய் சொல்ல நாக்கு எழவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

“போய் நின்னு பாத்துட்டு வா. அப்புறம் பேசிக்கலாம்.”

கம்பால் புதரைத் தட்டித் தட்டிப் போய், கால் நடுங்க நின்றேன். பாம்பு வரவில்லை. கோணம்தான் 107க்குக் கொஞ்சம் கூடவே வந்தது. அப்படியானால் மொத்தம் 542க்கும் மேல். மற்ற நான்கையும் திரும்ப அளந்தேன். சாலையோரத்துக் கல்லில் 96ஐ 98 என்று வாசித்திருக்கிறேன். அந்தத் தப்பை என் x சத்தமில்லாமல் விழுங்கியிருந்தது.

அந்தக் கல்லிலிருந்து பழைய 98 பாகையில் கயிறு பிடித்துப் பார்த்தேன். கோடு நேரே வீட்டுக்காரரின் அடுப்படிக்குள் போனது.

அதன் வாசலில் நின்றுகொண்டு அவர் அன்றும் கத்தினார், பாம்பு, தம்பி, பாம்பு என்று. வேலை நிலைத்தது. அந்த நடுக்கம் மட்டும், கணக்கு பிசகில்லாமல் வரும்போதெல்லாம் இன்னும் வருகிறது.