பதினோரு வீடுகள்

ஒரு வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் பாக்கியநாதன் பதினோரு வீடுகளுக்குப் போவார். சைக்கிளை ஊருக்கு வெளியே புளியமரத்தில் சாய்த்துவிட்டுத் தெருவுக்குள் நடந்து வருவார். முதல் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அடுத்த வீட்டில், "இந்த வருசம் மல்லாட்ட எப்படி, காய் புடிச்சிருக்கா?" என்று நிலக்கடலையை விசாரிப்பார். மூன்றாவது வீட்டில் மணி கேட்பார். அவர் கையிலேயே கடிகாரம் இருக்கும். இன்னொரு வீட்டில் ஆட்டுக்குட்டியைத் தூக்கி எடை பார்ப்பவர் போலப் பார்த்துவிட்டு இறக்கி விடுவார். இந்தச் சுற்றில் ஏதோ ஒரு வீட்டில், அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காகிதப் பொட்டலம் கை மாறிவிடும். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது எந்த வீடு என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

பொட்டலத்தில் இருப்பவை தொழுநோய்க்கான வெள்ளை மாத்திரைகள். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடிப்பதும், மாதந்தோறும் மாத்திரை சேர்ப்பதும் அவர் வேலை. இருபத்தெட்டு வருடமாகச் செய்கிறார். ஐம்பத்தாறு வயது. ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, பேனாவுக்குப் பக்கத்தில் செருகிய ஒரு கோழி இறகு. சந்தேகமான தேமலைக் கண்டால், கண்ணை மூடச் சொல்லி, இறகால் தொடுவார். தொட்ட இடத்தில் விரலை வைக்க வேண்டும். வைக்கத் தெரியாவிட்டால் நோய். அதனால் கிராமங்களில் அவருக்கு 'தேமல் சார்' என்று பெயர்.

இவரிடம் சுகமானவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் தேரடி வீதியில் அவர் நடந்து போகும்போது ஒருவருக்கும் வணக்கம் சொல்ல மாட்டார். எதிரே வருபவர் புன்னகைக்க வாயெடுப்பதற்குள் இவர் பார்வை கடைப் பலகைக்குப் போய்விடும். தேமல் சாருக்குத் தெரிந்தவர் என்பதே போதும், ஊர் மற்றதைத் தானாகப் பேசிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். ஓட்டலில் சுவரைப் பார்த்து உட்காருவார். கல்யாணங்களுக்குப் போவதில்லை. சுகமான பிள்ளைகள் தபாலில் அனுப்பும் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டிப் படிப்பவர் போல நிதானமாகப் படித்துவிட்டு, வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார். அந்தப் புத்தகம் இப்போது மூட முடியாதபடி பருத்துப் போயிருக்கிறது. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் கொடுக்க வந்த இரண்டு குடும்பங்களும், அவர் நாள் முழுக்க எதைத் தொடுகிறார் என்று கேள்விப்பட்டதும் திரும்பி வரவில்லை.

அவர் வெளிப்படையாக உட்கார்ந்து பேசுவது ஒரே இடத்தில்தான். பௌர்ணமியன்று அடி அண்ணாமலைப் பக்கம், கிரிவலப் பாதையோரம், தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம். சடையன் என்று ஒருவர், விரல்களெல்லாம் போனவர். அவருக்குப் புண் கழுவிக் கட்டுப்போட்டுவிட்டு, பக்கத்திலேயே துண்டை விரித்து உட்கார்ந்து விடுவார். ஊரில் போகிற வருகிற எல்லோர் முன்னாலும் இருவரும் சத்தமாகச் சிரிப்பார்கள். "இவுரு கிட்ட மறைக்க ஒண்ணும் பாக்கியில்ல. அதான் நிம்மதியா பேச முடியுது" என்பார் பாக்கியநாதன்.

ஆலயத்தில் கடைசி பெஞ்சு அவருடையது. சபையிலும் அவருக்கு நெருக்கமானவர் இல்லை. ஒருமுறை போதகர் இவரைத் தனியே அழைத்து, பாடகர் குழுவில் இருக்கும் ஒரு வாலிபனுக்கு ஏதாவது இருக்கிறதா, சபையில் ஒரு பெண்ணைப் பேசுகிறார்கள், தெரிந்தால் நல்லது என்று கேட்டார்.

"நான் யாரப் பத்தியும் சொல்றதில்லீங்க" என்றார் பாக்கியநாதன்.

"எனக்கே சொல்ல மாட்டீங்களா? நான் கேக்கறது அந்தப் பொண்ணோட நன்மைக்காக. உண்மையை மறைக்கறதும் பொய்தானே?"

"இருக்கலாங்க. ஆண்டவர் குஷ்டரோகியத் தொட்டாரு. தொட்டுச் சொஸ்தமாக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. எல்லாரும் தொட்டதப் பத்தியே பிரசங்கம் பண்றாங்க. சொல்லாதேன்னதப் பத்தி ஒருத்தரும் பண்றதில்ல."

அடுத்த தேர்தலில் சபைக் கமிட்டியில் அவர் பெயர் இல்லை.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அப்பா இல்லாத வீடு. அம்மா தங்கம்மாள், அக்கா திரௌபதி, நான். அம்மாவுக்கு முதுகில் இரண்டு தேமல்கள் இருந்தன. புடவைக்குள் மறைந்திருந்ததால் ஊருக்குத் தெரியாது. பாக்கியநாதனுக்கு அப்போது பதினோரு வீடு சுற்றும் வழக்கம் கிடையாது. மாதம் ஒருமுறை சைக்கிளை நேராக எங்கள் வாசலில் நிறுத்தி, மணியடித்து, மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போவார். ஊர் அந்தச் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

எழுபத்து மூன்றாம் வருடம் அக்காவுக்கு ஒரு நல்ல இடம் அமைந்தது. பையனுடைய அப்பா வேடியப்பன், பக்கத்து ஊரில் வசதியான விவசாயி. நிச்சயத்துக்கு நாள் குறித்த பிறகு யாரோ அவர் காதில் சைக்கிள் விஷயத்தைப் போட்டுவிட்டார்கள். அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறி, பாக்கியநாதன் வீட்டுக்கே போய்விட்டார். நடந்ததை அவரே பிறகு எங்கள் ஊர் டீக்கடையில் சொன்னார்.

"நீங்க வேதக்காரரு, பொய் பேச மாட்டீங்க. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார். நாளைக்கே தாம்பூலம் மாத்திக்கறோம்."

"நான் யாரப் பத்தியும் சொல்றதில்லீங்க."

"இல்லாத பொண்ணுன்னா இல்லன்னு சொல்றதுக்கு இன்னா கஷ்டம்?"

பாக்கியநாதன் அதற்குப் பதில் சொல்லாமல் பழத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். வேடியப்பன் அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சம்பந்தம் முறிந்தது.

எனக்கு அப்போது இருபது வயது. அவரை அடிப்பதற்கென்றே திருவண்ணாமலைக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"அக்காவுக்கு ஒண்ணும் இல்ல. அது நிசந்தானே?"

"நிசந்தான்."

"அப்ப ஏன் சார் சொல்லல?"

"அவங்களுக்கு இல்லன்னு சொன்னா, அப்புறம் அந்த வீட்ல யாருக்குன்னு கேப்பாரு. அதுக்கு நான் இன்னா சொல்றது? சரி, அதையும் வுடுங்க. நாளைக்கு இன்னொருத்தர் வேற ஒரு பொண்ணப் பத்திக் கேப்பாரு. அந்தப் பொண்ணுக்கு இருக்கும். இல்லாதவங்களுக்கு இல்லன்னு சொல்லிப் பழகிட்டா, அன்னிக்கு நான் வாய மூடினதே அந்தப் பொண்ணக் காட்டிக் குடுத்ததாயிடும்."

"அந்தப் பொண்ணு யாரு? எங்க இருக்கா?"

"தெரியாது தம்பி. எங்கியோ இருக்கா. இங்க வந்து கேக்கறவங்களுக்கு வாய் இருக்கு. வராதவங்களுக்காகத்தான் நான் யோசிக்கணும்."

"எங்கக்காவும்தான் வரல. அவளுக்காக யோசிச்சீங்களா?"

அவர் முகம் மாறிவிட்டது. "யோசிச்சேன். முட்டி போட்டுக் கேட்டும் பாத்தேன். பதில் ஒண்ணும் வரல" என்றார். எனக்குக் கை ஓங்க வரவில்லை. ஆனால் மன்னிக்கவும் தோன்றவில்லை. வெளியே வந்து, அவருடைய சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் அம்மா, "ஊரக் கூட்டி நான்தான்னு சொல்லிடறேன்" என்று எழுந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "உன்ன ஊருக்கு வெளிய குந்த வெச்சிட்டு நான் மாலை போட்டுக்கணுமா?" என்றாள். ஊர் அக்காவைச் சந்தேகப்பட்டது. அம்மாவைச் சந்தேகப்படவில்லை. அக்கா அதை அப்படியே விட்டுவிட்டாள்.

அடுத்த மாதம் முதல் பாக்கியநாதனின் சைக்கிள் எங்கள் ஊருக்குள் வரவில்லை. புளியமரத்தில் நின்றது. அவர் முதல் வீட்டில் தண்ணீர் கேட்க ஆரம்பித்தார்.

ஆறு வருடம் கழித்து, நான் ஆசிரியராக இருந்த பள்ளிக்கு அவர் பிள்ளைகளைப் பரிசோதிக்க வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிள்ளைகள் முடிந்ததும் ஆசிரியர்களையும் வரச் சொன்னார். என் இடது புஜத்தில் ஒரு வெளுத்த இடம் இருந்தது; சட்டைக் கை உரசியதென்று நினைத்திருந்தேன்.

"கண்ண மூடுங்க சார். தொட்ட எடத்துல வெரல வைங்க."

மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவர் சும்மா நிற்பது எரிச்சலாக இருந்தது. "தொடுங்க சார்" என்றேன்.

அவர் மூன்று முறை தொட்டிருந்தார்.

அன்று முதல் நான்கு வருடம், பள்ளிக்கு வரும்போதெல்லாம் ஒரு பழைய சாக்பீஸ் டப்பாவை என் மேஜையில் வைத்துவிட்டு, முன்பு வைத்ததை எடுத்துப் போவார். தலைமையாசிரியருக்குக்கூட அது வெறும் சாக்பீஸ் டப்பாதான். டயரில் காற்றைப் பிடுங்கியதைப் பற்றி அவர் ஒருமுறைகூடப் பேசவில்லை. நானாகவே ஒருநாள் சொன்னேன். "அன்னிக்கு சைக்கிள் கடை மூடியிருந்துச்சி. மாத்திர குடுக்க ஆறு மைல் தள்ளிக்கினு போனேன்" என்றார். அவ்வளவுதான்.

எண்பத்திரண்டில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா ராமதாஸ் விவரமானவர். எங்கள் வீட்டைப் பற்றிய பழைய பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அவரும் பாக்கியநாதன் வீட்டுக்குப் போனார். அதே பதில்தான். ஆனால் இந்த ஒன்பது வருடத்தில் ஒன்று நடந்திருந்தது. எத்தனையோ பேர் அந்தக் கதவைத் தட்டி அதே வார்த்தையைக் கேட்டுத் திரும்பியிருந்தார்கள். "அந்தாளு ராசா வீட்டப் பத்திக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவான்" என்று ராமதாஸ் சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். மௌனத்துக்கு இப்போது அர்த்தம் ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. கல்யாணம் நிச்சயமானது.

அந்த அர்த்தம் இல்லாமல் போவதற்கு முதலில் விலை கொடுத்தவள் என் அக்கா. அது எனக்கு உறைத்தது நிச்சயதார்த்தத்தன்று, அவள் என் சட்டைக் காலரைச் சரி செய்தபோதுதான்.

பாக்கியநாதன் என்னைச் சும்மா விடவில்லை. டப்பா மாற்ற வந்தவர் மேஜையருகே நின்று தாழ்ந்த குரலில், "நான் சொல்லக்கூடாது. நீங்க சொல்லாம இருக்கக்கூடாது. ரெண்டும் வேற வேற" என்றார். எனக்குத் தைரியம் இல்லை. கல்யாணமாகி மூன்றாம் மாதம்தான் மனைவி சந்திரகலாவிடம் சொன்னேன். இரண்டு நாள் அவள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்த மாத்திரைய எத்தினி மணிக்குப் போட்டுக்கணும்?" என்று கேட்டாள். இப்போது எனக்கு நோய் இல்லை. அம்மாவும் இல்லை. இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுது. பேர மாத்தாத" என்றாள். பாக்கியநாதனிடமும் கேட்டேன். "என்னப் பத்தின்னா எழுதுங்க. வேற யாரு பேரும் என் வாயால வராது" என்றார்.

போன மாதம் அக்காவும் நானும் திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். சிமெண்டு பெஞ்சில் பாக்கியநாதன் தனியாக உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வழக்கம்போல் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அக்கா நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்றிலும் எங்கள் ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள்.

அவர் பதறி எழுந்துவிட்டார். "பஸ்ஸு வந்துடுச்சி" என்றார். பஸ் எதுவும் வரவில்லை.

"உக்காருங்க சார்" என்றாள் அக்கா. "என்னப் பொண்ணு பாக்க இனிமே யாரும் வரப்போறதில்ல."

அவர் உட்கார்ந்தார். "பன்னண்டு வருசம் இருக்கும்" என்றார்.

"பதிமூணு."

"அன்னிக்கு நான் செஞ்சது சரியான்னு எனக்கு இன்னும் தெரியலம்மா."

"எனக்கும் தெரியல சார்" என்றாள் அக்கா. "எங்கம்மா சாவற வரைக்கும் ஊர்க் கெணத்துலதான் தண்ணி எடுத்துச்சி. அது மட்டும் தெரியும்."

அவர் எதிரே நின்ற வேலூர் பஸ்ஸைப் பார்த்தபடியே, மடியிலிருந்த வெள்ளரிப்பிஞ்சுக் காகிதத்தை மிளகாய்ப்பொடி சிந்தாமல் இரண்டு கையாலும் எடுத்து, பெஞ்சில் வைத்து, மெதுவாக அக்கா பக்கம் நகர்த்தினார்.