தேய்த்துக்கொண்டு போன கால்

ஆஸ்பத்திரியில் டியூட்டி முடித்துக் கை கழுவியபோது மூக்கில் ஏறிய சிவப்பு சோப்பின் காட்டம் என்னை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை. என் சின்ன வயதில், இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்ட சிங்காநல்லூர் மில்லுக்குப் பின்னால், மில் இரைச்சலில் ஓடுகள் நடுங்கிக்கொண்டே இருக்கும் எங்கள் சின்னக் கோயிலில், பெரிய வியாழன்தோறும், இயேசு சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாக, சாமியார் முழங்காலிட்டுப் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவுவார். அவர் கை அழுக்காகிவிடக் கூடாதென்று அம்மா மத்தியானமே அப்பாவின் காலை இதே சோப்பாலும் செங்கல் துண்டாலும் தேய்ப்பாள்.

"ஏனுங்க, குதிகாலக் காட்டுங்க, இன்னும் கருப்பா இருக்குது."

எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

எனக்குப் பத்து வயதான வருடம், பன்னிரண்டாவதாக உட்கார்ந்த சூசை மாமா ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். எண்ணெயும் பஞ்சும் அப்பிய கால்களைப் பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டு, "வேண்டாமுங்க சாமி" என்றார். சாமியார் அவற்றைப் பிடித்துத் தாம்பாளத்தில் வைத்து, இன்னொரு குடம் தண்ணீர் கேட்டார். தண்ணீர் கறுத்து ஓடியது. முதலில் உட்கார்ந்திருந்த அப்பா, தன் வெளுத்த கால்களை மெல்லப் பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டார்.

இன்று பெரிய வியாழன். பன்னிரண்டில் என் பெயரும் இருக்கிறது. டியூட்டியிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போயிருக்கலாம். வீட்டுக்கு ஓடிவந்து குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.