பகலில் பேசாத ரேடியோ

என் மேசையில் ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருக்கிறது. பின்மூடி எப்போதோ தொலைந்துபோய், செல்கள் விழாமல் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். டெல்லி முனிர்காவில் என்னோடு ஒரே அறையில் இருந்த நெல்லைக்காரத் தோழியுடையது அது. அவள் வரலாறு படித்தாள்; நான் வானத்தின் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் ரேடியோ அலைகள் எப்படிப் போகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். பொழுது சாய்ந்ததும் ரேடியோவை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைப்பாள். தெற்கேயிருந்து தமிழ்ச் செய்தி கரகரத்துக்கொண்டு வரும். அது வராமல் அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் கணினி நிரலைப் புதிதாக எழுதுவதில்லை. சீனியர் விட்டுப்போனதைத் திருத்திக்கொள்வதுதான் வழக்கம். எனக்கு வந்து சேர்ந்த நிரல், பூமியிலிருந்து வெகுதொலைவில் உள்ள பிளாஸ்மாவுக்காக, அதாவது மின்னேற்றத் துகள்களாலான வாயுவுக்காக எழுதப்பட்டது. அங்கே துகள்கள் மோதிக்கொள்வதே அபூர்வம். அதனால் மோதலுக்குப் பூஜ்யம் போட்டிருந்தார்கள். அந்த வரியை நான் கவனிக்கவே இல்லை. கணக்கு முடிந்த மறுநாள் ஆய்வுக் குழுவின் முன் பேச வேண்டும். சொதப்பினால் உதவித்தொகை நின்றுவிடும், ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அன்று அறையில் மதியச் சாப்பாட்டின்போது அவளிடம் வரைபடத்தைக் காட்டிப் பெருமையடித்தேன். பகலானாலும் இரவானாலும் அலை துளியும் குறையாமல் போய்த் திரும்புகிறது என்றேன்.

அவள் எட்டி ரேடியோவின் குமிழைத் திருகினாள். முள் அந்தத் தமிழ்ச் செய்தி நிலையத்திலேயே நின்றிருந்தது. வெறும் இரைச்சல். "ஏட்டி, அப்போ இது மட்டும் ஏன் பகல்ல வாயைத் திறக்க மாட்டேங்கு?"

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். பரீட்சையில் பலமுறை எழுதிய விடைதான். வெயில் இருக்கும்வரை அயனி மண்டலத்தின் அடித்தட்டில் எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கும். அலை அவற்றை ஆட்டும். ஆனால் மேல்தட்டுகளைவிட அங்கே காற்று அடர்த்தி. எலக்ட்ரான்கள் அலையிடம் வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தருவதற்குள் காற்றுத் துகள்களில் மோதி இழந்துவிடும். பொழுது விழுந்தால் அந்தத் தட்டு கரையும், அலை மேலே போய்த் திரும்பிவரும். அந்தப் பூஜ்யத்தைத் தேடிப் பிடித்து மாற்றி, பிற்பகல் முழுவதும் கணக்கை மறுபடி போட்டேன். அவளே டீ போட்டுத் தந்தாள். அன்று மட்டும் செய்தியைச் சத்தம் குறைத்துக் கேட்டாள். மறுநாள் குழுவின் முதல் கேள்வியே, மோதலைச் சேர்த்திருக்கிறாயா என்பதுதான். சேர்த்திருந்தேன்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது அவள் ரேடியோவை என் படுக்கையில் வைத்துவிட்டுப் போனாள். நான் இன்றும் இதே டெல்லியில் இந்த வேலையைச் செய்துகொண்டிருப்பது அவளால்தான். அந்த நன்றி எனக்குத் தீரவே தீராது. போன வாரம் மத்தியானம் போன் செய்தவள் கேட்டாள்: "இப்பவும் பகல்ல ஊமைதானாட்டி?" குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு, "ஊமைதான்" என்றேன்.

"அப்பாடா! பேச ஆரம்பிச்சா சொல்லு. ரெண்டு பேருமா போய் உன் பட்டத்தைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துருவோம்."