ஹெண்ணு

இது அத்தனையும் நிஜம். சிப்காட் டீக்கடை பாய்லர் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணலாம். ஆனால் கொஞ்சம் இழுத்துச் சொன்னால்தான் டீ ஆறும்வரை கூட்டம் நிற்கும். அதனால் குருவிகள் ஒரு லட்சம் என்று வாயில் வந்தால் ஆயிரத்து இருநூறு என்று கழித்துக்கொள்ளுங்கள்.

காளியம்மாளுக்கு ஊர் விளாத்திகுளம் பக்கம். ஓசூரில் ஒரு பொம்மைக் கம்பெனியில் ஏழு வருஷமாகக் கான்ட்ராக்டில் பெயின்ட் அடித்தாள். அவள் புடவையை அலசின தண்ணீரில் மூன்று வீட்டுக்குச் சாயம் பூசலாம். இந்த லாட் ஒழுங்காகப் போனால் அவள் பேரைப் பர்மனென்டுக்கு எழுதுவதாகச் சூப்பர்வைசர் ஆஞ்சப்பன் சொல்லியிருந்தார். அதற்காகவே அவள் ஒரு மாசம் லீவு போடவில்லை.

லாட் என்பது அமெரிக்காவுக்குப் போகிற கார்டினல் குருவி பொம்மை. டப்பாவுக்கு ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி. வலது டிரேயில் இருந்த ஆண் குருவிகளைப் பழுத்த மிளகாய் மாதிரி அடித்து முடித்தாள். ஆஞ்சப்பன் இடது டிரேயைக் காட்டிக் கத்தினார். அவர் கர்நாடக எல்லையில் இருக்கிற தளிக்காரர், அவசரத்தில் கன்னடம்தான் வரும்.

"ஹெண்ணு, கந்து!"

பெண்ணுக்குப் பழுப்பு நிறம் என்று அர்த்தம். கந்துவைக் கம்ப்ரசர் சத்தம் முழுங்கிவிட்டது. காளியம்மாள் காதில் விழுந்தது 'எண்ணு'.

எண்ணினாள். சந்தேகப்பட்டு இன்னொரு தரம் எண்ணினாள். ஆயிரத்து இருநூறு இருக்கிறது என்று போய்ச் சொன்னாள். அடித்து முடித்த கணக்கு என்று நினைத்து அவரும் தலையாட்டிவிட்டார். அவள் திரும்பி வந்து அதையும் சிவப்பாக்கினாள்.

கப்பல் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து போட்டோ வந்தது. டப்பாவுக்கு டப்பா இரண்டு மாப்பிள்ளைகள்.

டிசைன் செக்‌ஷன் ஸ்வாதிதான் போனில் நிஜப் பெண் குருவியைக் காட்டினாள். உடம்பு மங்கின பழுப்பு. கொண்டை, இறக்கை, வாலில் மட்டும் சிவப்பு தொட்டு எடுத்த மாதிரி. மூக்கு ஆரஞ்சு. இதுவும் பாடும், கூட்டில் உட்கார்ந்தபடி ஆணுக்குக் குரல் கொடுக்கும் என்றாள். கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்தால் வேறு குருவி வந்துவிட்டதென்று நாள் கணக்கில் மோதிக்கொண்டே இருக்குமாம்.

காளியம்மாள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அதுக்கும் யாரும் வெளங்கும்படி சொல்லல போல," என்றாள்.

திங்கட்கிழமை கம்பெனி கேட்டில் அவள் கார்டை வாங்கிக்கொண்டு, இனி வர வேண்டாம் என்றார்கள்.

கதை இங்கே நின்றதும் லோடு ஏற்றுகிற கங்கப்பன் பிடித்துக்கொண்டார். கலரைச் சொல்கிறவன் பெயின்ட் டப்பாவைத் தொட்டுக் காட்டவேண்டாமா என்றார். பின்னால் வடை தின்றுகொண்டிருந்த ஆஞ்சப்பனுக்குச் சுருக்கென்றது.

"ஏழு வருஷமா ஓசூர்ல இருக்கறா, ஹெண்ணுன்னா என்னான்னு தெரியாதா?"

"ஏழு வருஷமா அவகிட்ட வேல வாங்கற, தமிழ்ல சொல்ல வராதா உனக்கு?"

கிளாஸ் உடைந்தது. கங்கப்பன் தெலுங்கில் திட்ட, ஆஞ்சப்பன் கன்னடத்தில் திட்ட, விலக்கப் போனவர்கள் தமிழில் திட்டினார்கள். காளியம்மாளை மறுபடி எடுப்பார்களா என்று அதில் ஒருத்தரும் கேட்கவில்லை. பையை மடியில் வைத்துப் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள், ஊருக்குப் போகக் கிருஷ்ணகிரி பஸ் வந்ததும் ஏறிவிட்டாள்.