கழுவாத பெட்டி

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் காலை. சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகும் சாலையில் ஒரு வெல்டிங் பட்டறை. இன்று நினைத்தாலும் என் மீதே எனக்குக் கோபம் வரவழைக்கும் காரியத்தை அங்கேதான் செய்தேன்.

காலண்டர் ஆர்டர் பிடிப்பது என் தொழில். ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த வருடத்து மாதிரி ஆல்பங்கள் வெளியாகும். கையோடு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட வேண்டும். ஒவ்வொரு ஆல்பமும் நல்ல கனம். அதுவரை டாங்க் மேல் ஒன்று, முதுகில் ஒன்று என்று குட்டியைச் சுமக்கும் குரங்கு மாதிரி திரிந்துகொண்டிருந்தேன். அந்த வருடம் பைக்கின் இரண்டு பக்கமும் கேரியர் அடித்து, இரும்புப் பெட்டி மாட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

புதுப் பெட்டி செய்யப் பொறுமை இல்லை. எம். புதுப்பட்டியில் ஒருவரிடம் பழைய பெட்டிகள் இரண்டு கிடைத்தன. பட்டாசுத் திரிக் கட்டுகளைக் கம்பெனிக்கு ஏற்றிப் போன பெட்டிகள் அவை. "நல்லா தண்ணி விட்டுக் கழுவி, ஒரு நாள் வெயில்ல காயப்போட்டுட்டு வேலை பாருங்க" என்று இரண்டு தடவை சொல்லித்தான் கொடுத்தார். திரியில் கருமருந்து உண்டு என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மருந்து வாடையிலேயே வளர்ந்தவர்களுக்கு ஓர் அலட்சியமும் கூடவே வளர்ந்துவிடுகிறது. பழைய துணியால் உள்ளே இரண்டு இழுப்பு இழுத்தேன். அதோடு சரி.

பட்டறைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். சைலன்சர் சூடு படாமல் நான்கு விரற்கடை தள்ளிக் கம்பியை வளைத்து, கேரியரை அழகாகப் பொருத்திவிட்டார். பெட்டியின் முதுகில் கொக்கி வைத்து வெல்டிங் செய்வதுதான் பாக்கி. பெட்டியைக் கையில் எடுத்தவர் என்னைப் பார்த்தார்.

"திரி ஏத்துன பெட்டி மாதிரி இருக்கே அண்ணாச்சி. கழுவியாச்சா?"

"ஆச்சு, ஆச்சு. நேத்தே காயப்போட்டு எடுத்தாச்சு" என்றேன். வாய் கூசவில்லை. சீக்கிரம் முடிக்கச் சொல்லி ஓர் அதட்டல் வேறு.

அவர் நம்பிவிட்டார். பெட்டியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, வெல்டிங் குச்சி மாட்டிய ஹோல்டரை எடுத்தார். அந்த நேரம் பின்வீட்டிலிருந்து அவர் மனைவி வந்தார். "இருங்க" என்று பெட்டியை வாங்கிக்கொண்டு, "அண்ணாச்சி கழுவியிருப்பாக. நானும் ஒரு தடவை பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்போ நான் பொய்யா சொல்றேன்?" என்று கேட்டே விட்டேன். பட்டறையில் காத்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோய், ஓர் ஈர்க்குச்சியை ஒடித்து அடிமடிப்புக்குள் விட்டு மெல்ல இழுத்தார். கறுப்புப் பொடி உதிர்ந்தது. மூலைக்கு மூலை உதிர்ந்தது. கீழே விரித்த தாளில் இரண்டு கரண்டிக்குக் குறையாது. தாளைத் தூக்கிய அவர் வலது கையில் மூன்று விரல்கள் எப்போதோ வெந்து ஒட்டிப்போயிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவர் கணவர் ஹோல்டரைக் கீழே வைத்து, வெல்டிங் மெஷின் சுவிட்சை அணைத்தார். முதல் பொறி விழுந்திருந்தால் அந்த முகம் என்னாகியிருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மடிப்புக்குள்ள கிடக்கிறது யாருக்குத் தெரியும் அண்ணாச்சி. கழுவுனாலும் நிக்கத்தான் செய்யும்" என்றார் அந்தப் பெண், காத்திருந்த இருவரும் கேட்கும்படி. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பொடியை வாளித் தண்ணீரில் கொட்டிவிட்டு, குழாயடியில் பெட்டியை வைத்தார். அருகில் போய் உட்கார்ந்து, "நான் கழுவவே இல்லை தங்கச்சி" என்றேன்.

"தெரியும். கழுவுன பெட்டின்னா மூலையில தண்ணி நின்ன தடம் இருக்கும்" என்றார். "நாலு பேர் முன்னால உங்களை எதுக்குச் சொல்லணும்? தேய்ங்க."

தேய்த்தேன். இரண்டு பெட்டியையும் மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினேன். அழுகை வந்தது; குனிந்தே இருந்ததால் தப்பித்தேன். 'இனி என் பட்டறைப் பக்கம் வராதே' என்று அவர் கணவர் சொல்லியிருந்தால் அது நியாயம். அவரோ குழாயடிக்கு வந்து, "காயட்டும் அண்ணாச்சி. நாளைக்குக் கடை லீவு. நாளக்கழிச்சு வாங்க, நானே முடிச்சுத் தாரேன்" என்றார். சொன்னபடியே முடித்தும் தந்தார்.

அந்தப் பெட்டிகள் இன்றும் என் பைக்கில்தான் இருக்கின்றன. அவசரத்தில் செய்யாத ஒன்றுக்கு 'ஆச்சு' என்று சொல்ல நாக்கு எழும்போதெல்லாம், என் வாய்ச் சொல்லை நம்பி ஹோல்டரை எடுத்த அந்த மனிதரின் கைதான் கண்ணில் வந்து நிற்கிறது. போய்ச் செய்துவிட்டு வந்துதான் பதில் சொல்கிறேன்.