வளைவுக்கு நிற்காத ஸ்டிக்கர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் இருக்கும் என் ஸ்டிக்கர் கடையில் நடந்தது இது. பெயர்ப்பலகை, ஓட்டோவுக்குப் பின்னால் ஒட்டும் சாமிப் படம், வான், பஸ் என்று எதற்கும் அச்சடித்து ஒட்டிக் கொடுப்பவன் நான். தொழிலில் கெட்டிக்காரன் என்று பெயர். வாயும் கொஞ்சம் நீளம். இரண்டிலும் எனக்கு நல்ல தடிப்பு, தலைக்கனம் இருந்தது, மறைப்பானேன்.

அன்று வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், என்னைவிடப் பத்து வயது கூட. வெளியே ஒரு பழைய வெள்ளை வான் நின்றது. இருபது வருடம் சந்தையில் மூட்டை இறக்கியவராம். இப்போது ஒரு பிஸ்கட் கொம்பனி, கண்டாவளைப் பக்கத்துக் கடைகளுக்குப் பிஸ்கட் கொண்டுபோய்க் கொடுக்கும் ஏஜென்சியை அவருக்குத் தரச் சம்மதித்திருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. வான் முழுக்கக் கொம்பனியின் படம் ஒட்டியிருக்க வேண்டும். ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், ஓடவிட்டு, அதிகாரி ஒருவர் வந்து வானைப் பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் ஏஜென்சி நிரந்தரம். பிடிக்காவிட்டால் வரிசையில் இன்னொருவர் நிற்கிறார். இதையெல்லாம் அவர் நின்றபடியே சொன்னார். பக்கத்தில் கதிரை காலியாகத்தான் இருந்தது. இருங்கோ என்று நான் சொல்லவில்லை.

கடையில் இரண்டு விதமான ஸ்டிக்கர் றோல் இருந்தன. ஒன்று பெயர்ப்பலகைக்கு ஒட்டுவது. தட்டையான இடத்தில் வருடக்கணக்கில் கிடக்கும். வளைவில் ஒட்டினால் சூடு காட்டி இழுக்க இழுக்க வரும், ஒட்டிய அன்றைக்கு அழகாகவும் இருக்கும். ஆனால் வெயில் பட்டதும் பழைய அளவுக்கே சுருங்கப் பார்க்கும். பள்ளத்திலிருந்து கிளம்பி விளிம்பைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். மற்றது வாகனத்துக்கென்றே செய்தது. மெல்லியது, இழுத்த இடத்திலேயே நிற்கும். கொழும்பிலிருந்து எடுப்பித்தது. அவருடைய வானுக்கு அளவாக அதில் மிச்சம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவர் வந்தால் முதலில் இடம் கேட்போம். வழி தெரிந்துகொள்வதற்காக என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் யார், எந்த ஆக்கள், எந்த அளவு மரியாதை வைக்கலாம் என்று கணக்குப் பார்க்கத்தான் அந்தக் கேள்வி. நானும் கேட்டேன். "நீர் எவடம்?" அவர் தன் குடியேற்றத்தின் பெயரைச் சொன்னார். பேச்சிலேயே எனக்கு விளங்கியிருந்தது, மலையகத் தோட்டங்களிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளை என்று. அவர்களுக்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் ஒரு சொல் உண்டு. அதை நான் வாயால் சொல்லவில்லை, மனதுக்குள் சொன்னேன். என் அப்பாவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாய்க்கால் தண்ணீரை நம்பிக் காடு வெட்டியவர்தான். அதைப் பற்றி எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை. இந்த ஆளுக்குப் பெயர்ப்பலகை றோலே காணும், அது போதும் என்ற யோசனைதான் வந்தது.

அந்த றோலை இழுத்துக் காட்டினேன். மனிதர் விவரமானவர். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது வளைவுக்கெல்லாம் நிக்குங்களா ஐயா?" என்று கேட்டார்.

"ஓம் ஓம், நிக்கும். நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதையும்" என்றேன்.

இரண்டு நாள் வேலை. எடுக்க வரும்போது மனைவியையும் கூட்டி வந்தார். அந்த அம்மா வானைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவில் இருந்த பெரிய பிஸ்கட் படத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிய்த்துத் தின்னலாம் போல இருக்கிறதென்று கணவரிடம் சொல்லிச் சிரித்தார். அவரும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. எத்தனை நாளைக்கு அது நிற்கும் என்று அந்த மூன்று பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆறாவது கிழமை வந்தார். கதவுப் பள்ளங்களில் எல்லாம் ஸ்டிக்கர் கிளம்பிக் கூடாரம் அடித்து நின்றது. முன்பக்க மூலை கிழிந்து காற்றில் அடித்தது. பாவம், செலோடேப் போட்டு ஒட்டிப் பார்த்திருக்கிறார். நாளை மறுநாள் அதிகாரி வருகிறார் என்றார். அந்த நேரம் பார்த்து நான் கனடாவிலிருந்து வந்திருந்த எங்கள் சொந்தக்காரர் ஒருவரின் ஜீப்புக்கு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் நின்றுவிட்டுப் போகப்போகிற மனிதர். அவருக்கு வாகன றோல், கடைசித் துண்டு வரைக்கும்.

கீழே கிடந்த வெட்டுத் துண்டு ஒன்றை எடுத்து வான்காரர் இரண்டு கையாலும் இழுத்தார். அது இழுபட்டு அப்படியே நின்றது. "இது அன்னிக்கும் இங்க இருந்திச்சுங்களா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஓம் என்றேன். உடனே கொழும்புக்குப் போன் எடுத்தேன், வர நாலு நாள் ஆகும் என்றார்கள். கிளம்பிய இடமெல்லாம் வெட்டி, சூடு காட்டி அமத்தி விட்டேன். ஒரு நாள் தாங்கும் என்று பார்த்தேன். அதுவும் தாங்கவில்லை. அதிகாரி வானுக்கு முன்னால் நிற்கும்போதே, மத்தியான வெயிலில், கதவுப் படம் அவர் கண்ணெதிரே சுருண்டு வந்ததாம். எங்கள் படத்தை இந்தக் கோலத்திலா ஊரெல்லாம் கொண்டு திரிகிறீர் என்று கேட்டுவிட்டுப் போனாராம். ஏஜென்சி வரிசையில் நின்ற மற்றவருக்குப் போனது.

புது றோல் வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வான் நின்றது. அந்த அம்மா மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, படம் உரித்த இடத்திலிருந்த பசையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். செம்மண் புழுதி பட்டுப் பசை கறுத்துப்போயிருந்தது. இழுத்த இடங்களில் பெயின்றும் சேர்ந்து வந்திருந்தது. என்னைக் கண்டதும் உள்ளே போய்க் கதிரை கொண்டுவந்து போட்டார். தேநீரும் வந்தது. அந்தக் கதிரையில் இருக்க முடியாமல் இருந்தேன்.

நீங்கள் என்று அவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கூப்பிட்டேன். காசு ஒன்றும் வேண்டாம், முழுக்கத் திரும்ப ஒட்டித் தருகிறேன், கொம்பனியோடு நானே கதைக்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க தெரியாம செஞ்சிருந்தா நான் திரும்பவும் உங்ககிட்டதாங்க ஐயா வந்திருப்பேன்."

அவ்வளவுதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. றோலைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். பிறகு அவர் வானை விற்றுவிட்டு மறுபடியும் சந்தையில் மூட்டை இறக்கப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒருமுறை கண்டேன் கூட. லொறிக்கு மேல் இருந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்படி முடிந்திருந்தால், பட்டுத் திருந்தினேன் என்று எழுதி முடித்துவிடலாம். போன வருடம் மல்லாவியிலிருந்து ஒரு வியாபாரி தன் வானுக்குப் படம் ஒட்ட வந்தார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அதே வான். கதவுப் பள்ளங்களில் அந்தக் கறுத்த பசை இன்னும் போகவில்லை. வந்தவர் அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "எந்த விசரன் அண்ணை இதுக்கு முந்தி ஒட்டினவன்?" என்று கேட்டார்.

கடையில் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். தெரியாது என்றேன்.

நல்ல றோலில்தான் ஒட்டிக் கொடுத்தேன், இன்றைக்கும் அது ஒரு மூலை கிளம்பாமல் ஓடித் திரிகிறது. ஆனால் நான் திருந்திவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பார்க்கும் போதெல்லாம், அந்த ஒரு 'தெரியாது' குறுக்கே வந்து நிற்கிறது.