நகையில் படக்கூடாத கிரீம்

எங்கள் தெருவில் அவளைப் பளிச்சக்கா என்றுதான் கூப்பிடுவோம். "ஒரே வாரம், மூஞ்சி பளிச்சுன்னு ஆயிடும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே ஒட்டிக்கொண்ட பெயர். அவளுடைய அழகு நிலையத்துக்கும் என் தையல் கடைக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். என் மெஷின் ஓய்ந்தாலும் அவள் வாய் ஓயாது.

புருஷன் விட்டுவிட்டுப் போனபிறகு, ஒண்டியாளாகத் தங்கையைப் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்துகொடுத்தவள். தங்கை என்றால் உயிர். கடையில் எது புதிதாக வந்தாலும் முதலில் அவளுக்குத்தான் போகும்.

அந்த கிரீமும் அப்படித்தான் போனது. லேபிள் இல்லாத பெரிய டப்பாவில் ஒரு டீலர் கொண்டுவந்து கொடுப்பான். அதில் ஒரு ஸ்பூன் எடுத்துக் கற்றாழைச் சாற்றில் குழைத்து, "கெமிக்கலே இல்லாத கைப்பக்குவம்" என்று விற்பாள். அதை அவளே நம்பினாள், அதுதான் கொடுமை. வெளிச்சத்தில் வைக்காதே, நகையைக் கழற்றிவிட்டுத் தொடு என்று டீலர் சொல்லியிருந்தான். ஏன் என்று கேட்காமல் அவளும் அதையே எங்களிடம் சொன்னாள். ஆறு மாதம் பூசிய நானும் கேட்கவில்லை. மோதிரத்தைப் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டு மூஞ்சியில் அப்பிக்கொண்டேன். என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

திடீரென்று தங்கைக்குக் கால் வீங்கியது. பிறகு கண் இமை. சிறுநீர் நுரைநுரையாகப் போனது. ஆஸ்பத்திரிக்கு அவர்களோடு நானும் போனேன்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை இரண்டு தடவை புரட்டினார்.

"கிட்னி கெட்டுக்கிட்டு வருது. எதனாலன்னு தெரியாம விட்டா முழுசாப் போயிடும். முகத்துக்கு என்ன போடுறீங்க?"

தங்கை அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். "வெறும் சோப்புதான் டாக்டர்."

அக்காவின் பிழைப்பைக் காப்பாற்றுகிறாளாம்! உண்மை எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. அக்காவே சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா விடவில்லை. "சில கிரீம்ல பாதரசம் கலக்குறாங்க. அது பட்டா தங்கம் கெட்டுடும். அதனால நகையைக் கழட்டிட்டுப் போடச் சொல்லுவாங்க. அப்படி யாராவது சொன்னாங்களா?"

பளிச்சக்காவின் வாய் திறந்தது, மூடியது. சொன்னால் கடை போச்சு. சொல்லாவிட்டால் தங்கை போய்விடுவாள். அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கினாள்.

"நான்தான் சொன்னேன்," என்றாள் கடைசியில். "நான்தான் குழைச்சுக் கொடுத்தேன்."

டாக்டரம்மா தங்கையிடம் திரும்பினார். "இன்னைக்கே நிறுத்துங்க. பொழைச்சுக்கலாம். வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?"

"ஒன்றரை வயசுல பொண்ணு இருக்கா. ஏன் டாக்டர்?"

"உங்க முகத்துல இருக்கிறது அவ மேலயும் ஒட்டும். நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

"என் கன்னத்துல கன்னம் வச்சாத்தான் தூங்குவா," என்ற தங்கையின் குரல் உடைந்துபோனது.

வெளியே வராந்தாவில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எத்தனையோ பேர் போடுறாங்களேக்கா. எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

"உன் டப்பால மட்டும் ரெண்டு ஸ்பூன் போட்டேன்டி. என் தங்கச்சியாச்சேன்னு."

தங்கை கையை உருவிக்கொண்டாள்.

குழந்தை உடம்பிலும் பாதரசம் இருந்தது, நல்லவேளை, கொஞ்சம்தான். பளிச்சக்கா வீடு வீடாக ஏறி, டப்பாக்களைத் திருப்பி வாங்கி, எல்லோரையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னாள். போன இடமெல்லாம் திட்டு. நானும் என் பங்குக்குத் திட்டித் தீர்த்தேன். டீலர் போனையே எடுக்கவில்லை. அத்தனை நாளும் தங்கை கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

நாலு மாதம் கழித்து, வீக்கமெல்லாம் வடிந்து, குழந்தையோடு வந்து வாசலில் நின்றாள். "பெரிம்மா" என்று குழந்தை கையை நீட்டியது. பளிச்சக்கா தூக்கவில்லை. குழாயைத் திறந்து முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். மூன்றாவது தடவை சோப்பை எடுத்தபோது குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது.

"போதும்க்கா," என்றாள் தங்கை. "தூக்கு."